ஐந்து மைலுக்குள் கிடைக்கும் அழகு



மார்கழி பிறந்துவிட்டால் திண்டுக்கல்லில் பெயின்ட் கடைகளுக்கு ஓய்வே கிடையாது. ஒட்டடை அடித்து, பரணில் கிடக்கும் பித்தளையை இறக்கிப் புளி போட்டு விளக்கி, சுவருக்கு வெள்ளை அடித்தால்தான் பொங்கல் வருகிறது என்ற நினைப்பே நமக்கு வரும். அந்த வேலைகளோடு இப்போது ஓர் ஆசையும் சேர்ந்துகொண்டிருக்கிறது. கைபேசியில் பார்த்த வீடுகளைப் போல நம் வீடும் ஆகவேண்டும் என்ற ஆசை. எங்கள் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "வாடகை வீடு. கையில் பெரிதாகப் பணம் இல்லை. வருகிறவர்கள் கண்ணுக்கு லட்சணமாகத் தெரிய என்ன செய்யலாம்?"

இதை வீண் ஆசை என்று சொல்ல எனக்கு மனம் வராது. வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு விடியலில் வீடு திரும்புகிற பெண்ணுக்கு, கதவைத் திறந்ததும் கண் நிறைகிற மாதிரி ஒரு மூலையாவது வேண்டும். வசதியானவர்களுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தில்லை அழகு. ஆனால் இந்த ஆசைக்குக் கடைகள் சொல்லும் வழி வேறு, நம் ஊர் சொல்லும் வழி வேறு. இந்த மாதம் நம் ஊர் வழியைப் பற்றித்தான் உங்களோடு பேசவேண்டும்.

திருவனந்தபுரம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும், தம்பானூரில் செங்கல் நிறத்தில் சுருள் சுருளாக மேலேறும் ஒரு கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். இந்தியன் காபி ஹவுஸ். அதை வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்து, பிறகு இந்தியாவிலேயே குடியேறி 2007-இல் கேரளத்தில் மறைந்தவர். நல்ல வீடு என்பது அதைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கிற பொருள்களால் கட்டப்பட்டதாக இருக்கவேண்டும் என்று காந்தி சொன்ன கருத்தைத் தன் தொழிலுக்கே அடிப்படையாக வைத்துக்கொண்டதாக பேக்கர் பலமுறை சொல்லியிருக்கிறார். இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், உடைந்த ஓடு, காலி பாட்டில் எல்லாம் அவர் கட்டிய வீடுகளில் புதுவாழ்வு பெற்றன. செலவு குறைந்தது. அழகும் கூடவே வந்தது.

அவர் சுவருக்கும் கூரைக்கும் பின்பற்றிய கணக்கை நாம் வீட்டின் உள்ளே பின்பற்றினால் என்ன? ஐந்து மைல் என்பது எட்டு கிலோமீட்டர். அதைக் கொஞ்சம் நீட்டி, நம் டவுன் பஸ்ஸும் மொபசல் பஸ்ஸும் காலையில் போய் மாலையில் திரும்புகிற தூரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வட்டத்துக்குள் என்னதான் இல்லை! சின்னாளப்பட்டியில் சேலை, காந்திகிராமத்தில் கதர், நத்தத்தில் தையல், நிலக்கோட்டையில் பூ, ஊருக்குள்ளேயே பூட்டும் இரும்பு வேலையும், சாலையோரமெல்லாம் பனையும் வேம்பும். இத்தனையையும் சுற்றி வைத்துக்கொண்டு, எங்கிருந்தோ வருகிற பிளாஸ்டிக் அலங்காரத்துக்கு நாம் ஏன் காசைக் கொட்டுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் சின்னாளப்பட்டிக்குப் போவோம். குறைந்த காசில் அழகு என்பதை ஊர்த் தொழிலாகவே செய்த ஊர் அது. காஞ்சிப் பட்டுக்கு வழியில்லாத குடும்பங்களின் கல்யாணங்களில் ஒரு காலத்தில் மினுமினுத்தது சின்னாளப்பட்டிச் சேலைதான். செயற்கைப் பட்டு இழையில் நெய்தாலும் நிறத்திலும் கரையிலும் குறை வைக்காமல் நெய்தார்கள். ஏழை வீட்டுப் பெண்ணும் அன்றைக்குப் பட்டு உடுத்திய நிறைவோடு மணவறையில் உட்கார்ந்தாள். அந்த மனசு இன்றும் அந்த ஊர்ச் சுங்குடியில் இருக்கிறது.

சுங்குடி என்றால் மதுரைதான் நினைவுக்கு வரும். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சௌராஷ்டிர மக்களின் கைவண்ணம் அது. துணியை மடித்து, நகக்கண்ணால் துளியூண்டு கிள்ளி எடுத்து, நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சிடுவார்கள். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள். சாயத்தில் முக்கிக் காயவைத்து, துணியின் இரண்டு பக்கமும் பிடித்துச் சுண்டி இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறித்து, சாயம் ஏறாத இடமெல்லாம் புள்ளியாகச் சிரிக்கும். முடிச்சுப் போட்ட புள்ளி ஒன்றுபோல ஒன்று இருக்காது, விரலால் தடவினால் லேசான சுருக்கம் தட்டுப்படும். அச்சுப் புள்ளி எல்லாம் ஒரே அளவாக நிற்கும். சின்னாளப்பட்டியில் இன்று அதிகம் கிடைப்பது மெழுகு அச்சிலும் ஸ்கிரீன் பிரின்டிலும் செய்த பருத்திச் சுங்குடி. உடுத்த முடிச்சுச் சுங்குடி வாங்குங்கள். ஜன்னலுக்கு அச்சுச் சுங்குடி தாராளம்.

ஆம், ஜன்னலுக்கு. ஆயத்தத் திரைச்சீலை வாங்கப் போனால் நல்ல பருத்தியில் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். சுங்குடிச் சேலை சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. கணக்கைப் பாருங்கள். ஒரு சேலை 5.5 மீட்டர், அதாவது 18 அடி நீளம். அகலம் ஏறத்தாழ 4 அடி. நம் வீட்டு ஜன்னல் பெரும்பாலும் 4 அடிக்கு 4 அடி. மேலே கம்பி நுழைய மடிப்பு, கீழே ஓரம் மடிக்க என்று சேர்த்து நாலரை அடிக்கு ஒரு துண்டு வெட்டினால் சேலையில் நான்கு துண்டு வரும். ஒரு ஜன்னலுக்கு இரண்டு துண்டு போட்டால் நல்ல கொசுவத்தோடு விழும். ஆக ஒரு சேலை, இரண்டு ஜன்னல். சேலையின் கரை இரண்டு ஓரமும் மேலிருந்து கீழே இறங்குவதால் தனியாக பார்டர் தைக்கவே வேண்டாம். ரவிக்கைத் துணியோடு வருகிற சேலை என்றால் அந்தத் துணி தலையணை உறைக்கு ஆகும்.

ஆனால் வெட்டுவதற்கு முன்னால் கல் உப்புப் போட்ட தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து அலசி, நிழலில் காயவையுங்கள். பருத்தி சுருங்கும். சுருங்கிய பிறகு அளவெடுத்தால்தான் திரை ஜன்னலை முழுதாக மூடும். நம் சமவெளி வெயில் எந்தச் சாயத்தையும் வெளுத்துவிடும் என்பதால், மேற்குப் பார்த்த ஜன்னல் என்றால் உள்பக்கம் பழைய வேட்டி ஒன்றை லைனிங்காகச் சேர்த்துத் தையுங்கள். அரக்குச் சுங்குடியும் வெள்ளை வேட்டியும் சேர்ந்து வெயிலை வடிகட்டித் தரும் வெளிச்சம் கண்ணுக்கு அவ்வளவு இதம்.

நத்தம் பக்கம் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நத்தத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் ரெடிமேட் சட்டை தைப்பது வீட்டுக்கு வீடு நடக்கிற தொழில். அந்த வீட்டுப் பெண்ணும் சட்டைக்குக் காலரும் கையும் தைத்துக் கொடுக்கிறவர்தான். ஹாலும் அடுப்படியும் மட்டுமே உள்ள வாடகை வீடு. தையல் மெஷின், கட்டில், பிள்ளைகளின் புத்தகப் பை எல்லாம் அந்த ஒரே ஹாலில். உள்ளே நுழைந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இது எப்படி இவ்வளவு விசாலமாகத் தெரிகிறது என்பதுதான்.

கட்டில்மேல் ஒரு விரிப்பு. நாலு விரல் அகலத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டுப் போட்டுத் தைத்தது. வெள்ளை, இளநீலம், அரக்கு. மூன்றே நிறம். வெள்ளையும் நீலமும் மாறி மாறி வந்து, ஐந்தாறு வரிசைக்கு ஒருமுறை அரக்கு எட்டிப் பார்க்கிறது. தலையணைகளிலும் அதே மூன்று நிறம். ஸ்லாப் அலமாரிக்குத் தொங்கும் துணியிலும் அதுவே.

"எல்லாம் கட்டிங்ல விழுகுற வெட்டுத்துணிதான்க்கா. மத்த கலரெல்லாம் கால்மிதிக்குப் போட்டுருவேன். கண்டதையும் சேர்த்தா வீடு கசகசன்னு ஆயிரும்," என்றார் அவர்.

சம்பளம் வாங்கும் அலங்கார நிபுணர் சொல்லவேண்டியதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நிறங்களைக் குறைப்பதற்குக் காசே தேவையில்லை. மனதை மட்டும் கட்டுப்படுத்தினால் போதும். வீட்டில் பச்சைத் திரை, ரோஸ் பெட்ஷீட், மஞ்சள் பக்கெட், ஊதா நாற்காலி என்று ஆளுக்கொரு நிறம் நின்றால், எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் அது சந்தைக்கடை மாதிரிதான் தெரியும். மூன்று நிறங்களை முடிவு செய்துகொண்டு, இனி வாங்குகிற எதையும் அந்த மூன்றுக்குள் வாங்குங்கள். ஓராண்டில் வீடு தானே ஒரு சீருக்கு வந்துவிடும்.

அந்த வீட்டில் இன்னொன்றும் கவனித்தேன். வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார், வாடகை வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த கதை. இந்தப் பெண் கெஞ்சிக் கேட்டு இரண்டே இரண்டு ஸ்குரூ போட அனுமதி வாங்கி, ஆறடி மர ரீப்பர் ஒன்றைச் சுவரில் குறுக்காகப் பொருத்தியிருக்கிறார். தாத்தா பாட்டி படம், கல்யாணப் படம், மகள் பரிசு வாங்கிய படம், காலண்டர், சாவிக்கொத்து எல்லாம் அந்த ஒரே ரீப்பரில் வரிசையாகத் தொங்குகின்றன. சுவர் முழுக்க ஆங்காங்கே படம் மாட்டியிருந்தால் வராத நேர்த்தி அந்த ஒரே கோட்டில் வந்துவிட்டது.

எதையும் வாங்குவதற்கு முன்னால் எடுக்கவேண்டியதை எடுங்கள். ஷோகேஸில் பத்தாண்டாக நிற்கும் உடைந்த பொம்மை, மொய்க்கு வந்த கண்ணாடி டம்ளர் செட், ஓடாத டேபிள் ஃபேன், எதற்கும் இருக்கட்டும் என்று சேர்த்த அட்டைப் பெட்டிகள். பழைய இரும்புக்காரர் தருகிற காசிலேயே ஒரு பல்பு வாங்கிவிடலாம்.

நம் ஊருக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. தண்ணீர். குழாயில் தண்ணீர் வருகிற நாளைப் பார்த்துப் பிடித்து வைக்கவேண்டிய ஊர் நம்முடையது. அதனால் வீட்டுக்கு வீடு நீலமும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. எந்த அலங்காரப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை, குடம் இல்லாத வீடுகளைப் பார்த்து எழுதியவை அவை. நான் சொல்வது இதுதான்: அடுத்தமுறை குடம் உடைந்து புதிதாக வாங்கும்போது எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் வாங்குங்கள். அடுப்படி மேடைக்குக் கீழே ஒரு ஸ்பிரிங் கம்பி கட்டி, மீந்த சுங்குடித் துண்டைத் தொங்கவிட்டு, குடங்களை அதற்குள் தள்ளுங்கள். பாட்டி வீட்டுச் செப்புக்குடமோ தவலையோ பரணில் கிடந்தால் அதை மட்டும் வெளியே, எல்லோரும் பார்க்கிற இடத்தில், விளக்கி வையுங்கள். குடிதண்ணீருக்கு அதுவே ஆகும், அழகுக்கும் அதுவே ஆகும்.

அடுத்தது வெளிச்சம். நம் வீடுகளின் அழகைக் கெடுப்பதில் முதல் இடம் ஹாலின் உச்சியில் எரியும் வெள்ளை டியூப் லைட்டுக்குத்தான். படிக்க, தைக்க, அரிசி பொறுக்க அது வேண்டும், மறுக்கவில்லை. வேலை முடிந்து உட்கார்ந்து பேசும் நேரத்துக்கு வேறு வெளிச்சம் வேண்டும். எல்.இ.டி. பல்பு அட்டையில் கெல்வின் என்று ஓர் எண் போட்டிருக்கும். 6500 என்றால் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. 2700 அல்லது 3000 என்றால் இளமஞ்சள், கடையில் வார்ம் ஒயிட் என்று கேளுங்கள். 9 வாட் பல்பு நூறு ரூபாய் அளவில் கிடைத்துவிடும். அதை உத்தரத்தில் மாட்டாமல், உட்கார்ந்தால் தலைக்குக் கொஞ்சம் மேலே வருகிற மாதிரி மூலையில் தொங்கவிடுங்கள். சந்தையில் கிடைக்கும் பனை ஓலைக் கூடையோ மூங்கில் கூடையோ ஒன்றைக் கவிழ்த்து பல்புக்குக் குல்லாய் போட்டால், ஓலைப் பின்னலின் நிழல் சுவரெல்லாம் கோலம் போடும். ஓர் எச்சரிக்கை: இதற்கு எல்.இ.டி. மட்டும்தான். பழைய குண்டு பல்பின் சூட்டில் ஓலை பற்றிக்கொள்ளும். எல்.இ.டி.யும் ஓலையில் உரசாமல் இடைவெளி விட்டே இருக்கட்டும்.

சுவருக்கு வருவோம். உங்களுடையது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடாக இருந்து, இதுவரை பெயின்ட் படாத சுவர் என்றால், தயவுசெய்து சுண்ணாம்பையே தொடருங்கள். கல் சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் உப்பும் வடித்த கஞ்சியும் சேர்த்து, ஒரு சிட்டிகை நீலம் கலந்து, மெல்லிசாக மூன்று பூச்சு. பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாக இறுகுவதால்தான் நாள் ஆக ஆக வெண்மை கூடுகிறது, சுவரும் மூச்சு விடுகிறது. நீற்றும்போது அது கொதிக்கும், தெறிக்கும். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள், கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு நிற்காது, பொருக்காக உதிர்ந்துவிடும்.

அப்படிப்பட்ட சுவர் என்றால் வீடு முழுக்க அடிக்காமல் ஒரு சுவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தடிக்குப் பத்தடிச் சுவருக்கு இரண்டு கோட் அடிக்க ஏறத்தாழ ஒரு லிட்டர் எமல்ஷன் ஆகும். வாசலிலிருந்து நேராகக் கண்ணில் படுகிற சுவராக இருக்கட்டும். நிறத்தையும் வெளியில் தேடவேண்டாம். செம்மண் காவி, வேப்பங்கொழுந்தின் பச்சை, மலைக்கோட்டைப் பாறையின் சாம்பல் என்று தினமும் பார்க்கிற நிறங்களே நம் வெயிலுக்குப் பொருந்தி வரும். குழந்தைகள் உள்ள வீட்டில் மூன்றடி உயரம் வரைக்கும் கருத்த நிறத்தில் எனாமல் அடித்துவிட்டால் கைக்கறையும் கிறுக்கலும் ஈரத்துணியில் போய்விடும். கிராமத்து வீடுகளில் சுவரின் அடியில் காவிப்பட்டை அடித்ததும் இதே யோசனையில்தான்.

தரை சிவப்பு ஆக்சைடு என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். பழசு என்று வெட்கப்பட்டு அதன்மேல் பூப்போட்ட பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டிவிடாதீர்கள். நன்றாகக் கழுவிக் காய்ந்த பிறகு துளி தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் அழுத்தித் துடையுங்கள். எண்ணெய் அதிகமானால் வழுக்கும், கவனம். அந்தச் சிவப்பின்மேல் ஒரு கோரைப் பாய் போதும். பத்தமடைப் பாய்தான் வேண்டும் என்பதில்லை. காவிரிக் கரையில் முசிறி, கரூர்ப் பக்கம் விளையும் கோரையில் நெய்த பாய் நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கிறது.

சோபாவைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. பத்துக்குப் பன்னிரண்டு ஹாலுக்கு மாதத் தவணையில் வாங்கிய மூன்று சீட்டர் சோபா, உட்கார இடம் தருவதைவிட நடக்க இடத்தைப் பறிக்கிறது. வாடகை வீடு மாறும்போது வாசலில் நுழையாமல் படுத்தும் பாட்டை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அதே ஹாலுக்கு வேப்ப மரத்தில் ஒரு பெஞ்ச் செய்யச் சொல்லுங்கள். வேம்பில் பூச்சி சட்டென்று ஏறாது, தேக்கின் விலையும் இல்லை. உங்கள் தெரு ஆசாரியே செய்வார். மேலே ஒரு மெத்தை, அதற்குக் கதர் உறை. அடியில் இரண்டு பெட்டி வைக்க இடமும் மிஞ்சும்.

கதர் என்றதும் காந்திகிராமத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய இடம். பல்கலைக்கழகமாக இன்று ஊரறிந்தாலும், கைத்தொழிலும் கதரும் அதன் வேர். கதர்த் துணியில் இழை ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் ஓடுகிற அந்தச் சீரின்மைதான் அதன் அழகு. வெளிர் நிறக் கதரில் மெத்தை உறை போட்டுப் பாருங்கள், துவைக்கத் துவைக்க மெதுமெதுவென்று ஆகும். காந்தி ஜெயந்தியை ஒட்டிக் கதருக்கும், தீபாவளியை ஒட்டிக் கோ-ஆப்டெக்ஸிலும் தள்ளுபடி தருவார்கள். வீட்டுக்கு வேண்டிய விரிப்பு, துண்டு, உறை எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக்கொண்டு அந்த நாட்களுக்குக் காத்திருப்பது நல்ல பழக்கம்.

பழைய ஸ்டீல் பீரோவைத் தூக்கிப் போடவேண்டாம். இரும்புப் பெட்டிக்கும் பீரோவுக்கும் பேர்போன ஊர் இது. அந்தக் காலத் தகட்டின் கனம் இப்போது வருவதில்லை. உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், காய்ந்ததும் எனாமல் இரண்டு கோட். உங்கள் மூன்று நிறங்களில் ஆழமானது எதுவோ அதையே அடியுங்கள். தாத்தாவின் ட்ரங்குப் பெட்டி இருந்தால் அதற்கும் இதே வைத்தியம். மேலே ஒரு துண்டு ஜமக்காளம் விரித்தால் பெஞ்சுக்கு முன்னால் டீப்பாய் ஆகிவிடும்.

அந்தப் பெட்டிக்கோ வாசல் கதவுக்கோ ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்குங்கள். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பூட்டு. மாங்காய் வடிவில் கை நிறைய உட்காரும், உள்ளே நெம்புகோல்களைக் கையாலேயே ராவிப் பொருத்துவார்கள். சாவியைத் திருப்பும்போது கேட்கும் சத்தத்தில் ஒரு நம்பிக்கை இருக்கும். அலிகரிலிருந்து வரும் மலிவுப் பூட்டுகளோடு போட்டியிட முடியாமல் இந்தத் தொழிலில் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. வீட்டுக்கு ஒரே ஒரு நல்ல பொருள் வாங்கப் பணம் இருக்கிறது, எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். தினமும் கையில் எடுப்பது, உங்கள் பேரப்பிள்ளை வரைக்கும் வருவது.

பூவுக்குப் பஞ்சமில்லாத மாவட்டத்தில் பிளாஸ்டிக் பூவை வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய வருத்தம். முகூர்த்த நாளில் மல்லி விலை ஏறிவிடும், அன்றைக்கு அதைத் தொடவேண்டாம். வரத்து அதிகமாகி விலை இறங்கிய நாளில் சம்பங்கியோ செண்டுப்பூவோ கோழிக்கொண்டையோ கால் கிலோ வாங்கி, பித்தளைத் தாம்பாளத்திலோ உருளியிலோ தண்ணீர் விட்டு மிதக்கவிட்டால் ஓரிரு நாளைக்கு ஹாலே வேறாகத் தெரியும். செடி வேண்டுமென்றால் நர்சரிக்கே போகவேண்டாம். வேலியோரம் வாள் வாளாக நிற்கிற மருள் செடியில் ஒரு துண்டை மண்சட்டியில் ஊன்றுங்கள். தண்ணீர் கஷ்டத்திலும் வாடாது. போகியன்று பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை சேர்த்துக் காப்புக் கட்டுகிறோமே, அதைவிட அழகான வாசல் அலங்காரத்தை எந்தக் கடையும் விற்கவில்லை.

சுவரில் ஒட்டுகிற முப்பரிமாண ஸ்டிக்கர்கள் வேண்டாம் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சித்திரை வெயிலில் ஓரம் தூக்கும், பிய்த்தால் பெயின்டோடு வரும், வீடு காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். வாடகை வீட்டுக்குச் செய்கிற எந்தச் செலவும் உங்களோடு அடுத்த வீட்டுக்கு வருகிற மாதிரி இருக்கட்டும். திரை வரும், விளக்கு வரும், பெஞ்ச் வரும், பூட்டும் வரும்.

கையில் ஆயிரம் ரூபாய்தான் என்றால் ஒரு சேலையும் ஒரு பல்பும் ஓர் ஓலைக் கூடையும் வாங்குங்கள். அடுத்த மாதம் முடிந்தால் ஒரு லிட்டர் பெயின்ட். பெஞ்சுக்குச் சிறுவாடு சேருங்கள். ஒரே மூச்சில் முடிக்கவேண்டும் என்று கடன் மட்டும் வாங்காதீர்கள். ஓலைக் கூடை விற்கிற அம்மாவிடமும் தறிக்காரரிடமும் பத்து இருபதுக்குப் பேரம் பேசவேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் வீட்டிலும் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் நீங்கள் செய்த மாற்றத்தை எங்களுக்கு எழுதுங்கள். என்ன வாங்கினீர்கள், எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு ஆனது என்பதையும் சேர்த்து எழுதினால் மற்ற வாசகர்களுக்குப் பயன்படும். முடிந்தால் செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களும் வேண்டும். தை மாத முதல் வாரத்துக்குள் வருகிற கடிதங்களை மாசி இதழில் வெளியிட இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். நத்தம், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், பழனிப் பக்க வாசகர்களிடமிருந்தும் எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்